குறியும் கருவியும்

துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்குப் போர்க்களம் நினைவுக்கு வரும்; அல்லது பழைய ஜமீன் மாளிகையின் சுவரில், புலித் தலைக்குக் கீழே மாட்டப்பட்டிருக்கும் வேட்டைத் துப்பாக்கி நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டையும் பற்றியதன்று. எவரையும் வருத்தாமல், எந்த உயிரையும் கொல்லாமல், தரையில் விரித்த பாயின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, 50 மீட்டர் தொலைவிலுள்ள கருவட்டம் ஒன்றைச் சுடும் விளையாட்டைப் பற்றியது. அவ்விளையாட்டைப் பல ஆண்டுகள் கைவிட்டிருந்த ஒருவன், மீண்டும் போட்டிக்குத் திரும்ப எண்ணினால், எத்தகைய துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே கேள்வி. அந்த ஒருவன் நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இவ்விளையாட்டை அறியாத நேயர்களுக்காக அதன் அளவுகளைச் சொல்லிவிடுவது நல்லது. ஐம்பது மீட்டர் என்பது கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அவ்வளவு தொலைவிலுள்ள இலக்கின் நடுவே, பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். போட்டியில் 60 முறை சுட வேண்டும்; அதற்கு 50 நிமிடம் தருவார்கள். துப்பாக்கியை எதன்மீதும் சார்த்தி வைத்தல் ஆகாது. இரண்டு முழங்கைகளும் தரையில் ஊன்றியிருக்க, இடக்கையின் மேற்பகுதியில் கட்டிய தோல்வார் ஒன்று துப்பாக்கியின் பாரத்தைத் தாங்கும். இடது முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பார்ப்பவர்களுக்கு ஒருவர் படுத்து உறங்குவது போலத்தான் தோன்றும். உள்ளே நடப்பதோ, மூச்சுக்கும் நாடித் துடிப்புக்கும் மனத்துக்கும் இடையே ஓயாத வழக்கு.

நான் கலைப் பட்ட வகுப்பில் சேர்ந்த ஆண்டே தேசிய மாணவர் படையிலும் சேர்ந்தேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு சிறு துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு படுத்தேன். ஓட்டத்திலும் அணிவகுப்பிலும் கடைசியில் நின்ற எனக்குப் படுத்துச் சுடுவது மட்டும் கைவந்தது. பிறகு டில்லியில் ஒரு துப்பாக்கி மன்றத்தில் சேர்ந்து, மன்றத்துக்குச் சொந்தமான ஜெர்மானியத் துப்பாக்கி ஒன்றைக்கொண்டு ஏழெட்டு ஆண்டுகள் போட்டிகளில் கலந்துகொண்டேன். பெரிய வெற்றி எதுவும் பெற்றவனல்லன். அறுநூற்றுக்கு 589 எடுத்ததே என் உச்சம். 2004ஆம் ஆண்டில் திருமணம், மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் வேலை, அடுத்தடுத்து வந்த தாயாரின் நோய் என்று வாழ்க்கை வேறு திசையில் சென்றது. மதிப்பெண் எழுதிய குறிப்பேட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அது 19 ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

அதை மீண்டும் கீழே இறக்கியவள் என் மகள். பள்ளியில் காற்றுத் துப்பாக்கி பழகத் தொடங்கிய அவள், 2023ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் துக்ளகாபாதில் உள்ள கர்ணி சிங் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றாள். 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுகளுக்காக அமைக்கப்பட்ட இடம் அது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காகக் களமிறங்கிய பிகானேர் மன்னர் கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்பது. மகள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நான் ஐம்பது மீட்டர் தளத்தின் பக்கம் நடந்தேன். பாயின்மேல் படுத்திருந்தவர்களின் காலணிகள் வரிசையாகத் தெரிந்தன. சுட்ட வெடிமருந்தின் மணம் மூக்கில் பட்டது. அவ்வளவுதான், வீடு திரும்பும்போதே துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது எளிது, வாங்குவது எளிதன்று. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இவ்விஷயத்தை ஆள்கின்றன. உரிமம் இன்றித் தோட்டாத் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. விண்ணப்பம், மன்றத்தின் சான்று, காவல்துறை விசாரணை ஆகிய யாவும் முடிய மாதங்கள் செல்லும். பிறருக்கு எழுதப்பட்ட அரசாணைகளை நாள்தோறும் மொழிபெயர்ப்பவனுக்கு, தனக்கென்று ஓர் அரசாணை வருவதற்காகக் காத்திருப்பது புதிய அனுபவமாகவே இருந்தது. ஆயினும் அம்மாதங்கள் வீண்போகவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காத்திருந்த காலத்தில் நான் செய்த முதல் தவறு, விலைப்பட்டியல்களைப் படித்தது. ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் அன்ஷூட்ஸ், வால்தர் ஆகிய இரு தொழிற்சாலைகள் உள்ளன. ஓபெர்ன்டார்ப் என்னும் ஊரில் பைன்வெர்க்பாவ் உள்ளது. சுவிட்சர்லாந்தில் பிளைக்கர், குருனிக் எல்மிகர் ஆகியோர் செய்கிறார்கள். இவர்களுடைய புதிய துப்பாக்கிகள் மரக்கட்டையை விட்டு அலுமினியத்துக்கு மாறிவிட்டன. பத்துப் பன்னிரண்டு திருகுகள். எல்லாப் பக்கமும் நீளும், உயரும், சாயும் உறுப்புகள். விலையோ பல இலட்சம் ரூபாய். மகளின் கல்லூரிப் படிப்புக்கென ஒதுக்கிய தொகையைத் தொடுவதில்லை என்றும், அதற்கு அப்பால் சேர்த்துவைத்த சிறு தொகையைத் தாண்டுவதில்லை என்றும் என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எனினும் இரவு நேரத்தில் பட்டியலைப் பார்க்கும்போது அந்தச் சிறு தொகை என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியத் தொடங்கியது.

ஒருநாள் என் மனைவி அருகில் வந்து அமர்ந்தாள். பட்டியலில் நான் குறியிட்டிருந்த பக்கத்தையும், மேசைமேல் இருந்த என் பழைய புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபத்தைந்து வயதில், ஒட்டிய வயிற்றோடும் கறுத்த மீசையோடும், பாயில் படுத்திருக்கும் புகைப்படம் அது.

“ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துப்பாக்கியை யாருக்கு வாங்கப்போகிறீர்கள்? உங்களுக்கா, இந்தப் பையனுக்கா?” என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். ஆனால் மறுநாள் மன்றத்துக்குச் சென்று, பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, என்னை அளந்து பார்க்கத் தொடங்கினேன்.

நேயர்களே, இத்துறையில் முதலாவதாக அறிய வேண்டியது இதுவே: துப்பாக்கியைத் தேடும் முன் நம் உடம்பைத் தேட வேண்டும். படுத்துச் சுடுவதில் தசையின் வலிமைக்கு இடமில்லை. தசை துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தினால், தசை தளரும்போது குறியும் தளரும். எலும்பும் தோல்வாரும் அதைத் தாங்க வேண்டும். இதைச் சோதிக்கும் முறை மிக எளியது. குறி பார்த்தபின் கண்களை மூடிக்கொண்டு இரண்டு மூன்று முறை மூச்சை விட்டு வாங்கி, பின் கண்களைத் திறக்க வேண்டும். குறி இருந்த இடத்திலேயே இருந்தால் உடம்பு சரியாகப் படுத்திருக்கிறது. இடப்புறமோ வலப்புறமோ விலகியிருந்தால், துப்பாக்கியைத் தள்ளித் திருத்தலாகாது. இடது முழங்கையை அச்சாகக் கொண்டு உடம்பையே சிறிது நகர்த்த வேண்டும்.

நான் மன்றத்தின் பழைய துப்பாக்கியோடு படுத்துக் கண்களை மூடித் திறந்தேன். குறி அடுத்தவருடைய இலக்கில் இருந்தது. இருபத்தைந்து வயதில் நான் படுத்த அதே கோணத்தில் இன்றும் படுத்திருந்தேன் என்பதே காரணம். உடம்பு அதற்கு இசையவில்லை. வயிறு தரையில் அழுந்தியதால் நாடித் துடிப்பு குறியில் தெரிந்தது. கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் பார்வைத் துளையில் கண்ணை வைக்க வேண்டியிருந்தமையால், பதினைந்தே நிமிடத்தில் பிடரி வலித்தது.

இதற்கு மருந்து உண்டு. உடம்பைச் சிறிது இடப்பக்கமாகச் சாய்த்து, வலது முழங்காலை மேல்நோக்கி இழுத்துக்கொண்டால், வயிறும் நெஞ்சும் தரையிலிருந்து சற்றே எழும், மூச்சு எளிதாகும், துடிப்பு குறையும். பார்வைத் துளையையும் முன்குறியையும் சிறு அடித்துண்டுகளை வைத்து உயர்த்தினால், தலை நிமிர்ந்தபடி இருக்கும், கழுத்து பிழைக்கும். ஆனால் பார்வை உயர்ந்தால் கன்னம் வைக்கும் இடமும் உயர வேண்டும். தோளில் பொருந்தும் பின்தகடு கீழே இறங்க வேண்டும். இடக்கையைத் தடுத்து நிறுத்தும் கைத்தடுப்பு நகர வேண்டும். இங்கேதான் துப்பாக்கிக் கட்டையின் தகுதி வெளிப்படுகிறது. கன்னத்தாங்கி உயர்கிறதா, பின்தகடு மேலும் கீழும் நகர்கிறதா, கட்டையின் நீளம் மாறுகிறதா என்ற மூன்று வினாக்களுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைத்தால், அக்கட்டை மரமா அலுமினியமா என்பது இரண்டாம் வினாவே.

நான்காவது வினா ஒன்று உண்டு. அதைப் பலர் கேட்பதில்லை. அறுபது தோட்டாவோடு பழகுதோட்டாக்களையும் சேர்த்தால், ஒரு போட்டியில் எழுபது எண்பது முறை வலக்கை தோட்டாவை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலது முழங்கை தரையை விட்டு எழுந்தால், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படுத்ததற்குச் சமம். ஆதலின் தோட்டா வைக்கும் வாயில், முழங்கையை எடுக்காமலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கடையில் நின்றுகொண்டு பார்த்தால் இது தெரியாது. படுத்துப் பார்த்தால்தான் தெரியும். நின்றபடி துப்பாக்கி வாங்காதீர்கள் என்று யாரேனும் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இனி, சுடுவது எது என்று பார்ப்போம். கட்டை மனிதனுக்குப் பொருந்துவது. சுடுவது குழலும் தோட்டாவும். நான் முன்பு போட்டியிட்ட காலத்தில் பத்து என்றால் பத்துதான். வளையத்தின் நடுவில் பட்டாலும் விளிம்பைத் தொட்டாலும் ஒரே மதிப்பு. 2013ஆம் ஆண்டு முதல் படுத்துச் சுடும் போட்டியில் தசமக் கணக்கு வந்துவிட்டது. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலும் பத்து என்பதால், குண்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். இந்த எட்டைப் பத்தாகப் பிரித்து, 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு படியாகக் கணக்கிடுகிறார்கள். நட்ட நடுவில் பட்டால் 10.9, விளிம்பைத் தொட்டால் 10.0. ஆகவே முழு மதிப்பெண் இப்போது 600 அன்று, 654. முன்பு ஒரு குழல் 7 மில்லிமீட்டர் விலகிச் சுட்டால் அக்குற்றம் வெளியே தெரியாது. இன்று ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இக்காரணத்தால், பழைய துப்பாக்கி வாங்குவோர் குழலை முதலில் சோதிக்க வேண்டும். இவ்வகைக் குழல் எளிதில் தேய்வதன்று. ஈயக் குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர்தான். பல்லாயிரக்கணக்கான தோட்டாக்களைத் தாங்கும். ஆனால் அதற்குப் பகைகள் மூன்று. ஒன்று, தோட்டா எரியும்போது அறையின் முன்னே படியும் கெட்டியான கரி. அதை நீக்காமல் விட்டால் நாளடைவில் எஃகை அரிக்கும். இரண்டு, துடைக்கும் கோலை வாய்ப்புறமாகச் செலுத்துவதால் குழலின் வாய் விளிம்பு தேய்தல். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுவாதலின், அங்குள்ள சிறு காயமும் பெரும் பிழையாகும். மூன்று, துரு. நம் நாட்டு மழைக்காலத்தில், பஞ்சு வைத்த பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோனால் துரு நிச்சயம்.

இம்மூன்றாவது பகையை நான் நேரில் சந்தித்தேன். உரிமம் கைக்கு வந்த சில வாரங்களில், உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் துப்பாக்கியை விற்க டில்லிக்குக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தவுடன் என் நெஞ்சு ஒருகணம் நின்றது. இளமையில் நான் சுட்ட மன்றத் துப்பாக்கியின் அதே வகை. அதே வாதுமை மரக்கட்டை. கைப்பிடியில் அதே கீற்று வேலைப்பாடு. மெருகு சற்றும் குறையவில்லை. விலையும் என் தொகைக்குள் அடங்கியது. முன்பணம் கொடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டுவிட்டேன்.

மன்றத்தின் வயது முதிர்ந்த பயிற்சியாளர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “முதலில் சுட்டுப் பாருங்கள், பாபுஜி” என்றார். பத்துத் தோட்டாக்கள் வீதம் ஐந்து இலக்குகள் சுட்டோம். ஒவ்வோர் இலக்கிலும் ஏழெட்டுத் துளைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றன. இரண்டு மூன்று மட்டும் தெறித்துச் சென்றிருந்தன. பயிற்சியாளர் இறுக்கமான பஞ்சுத் துண்டு ஒன்றைக் கோலின் முனையில் வைத்துக் குழலுக்குள் மெல்லச் செலுத்தினார். கடைசி இரண்டு அங்குலம் வரை வழுவழுப்பாகச் சென்ற கோல், அங்கே சொரசொரவென்று தடுக்கியது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தால், வாய்க்கு அருகே துரு தின்ற குழிகள் தெரிந்தன.

“துப்பாக்கியின் விலையில் பெரும்பகுதி இன்னொரு முறை புதுக் குழலுக்குப் போகும். அதற்கும் வழி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார் அவர்.

வைத்திருக்கவில்லை. கொண்டுவந்தவர் நல்ல மனிதர். அவருக்கும் இது தெரியாது. தந்தையின் பொருளைத் தூசு படாமல் காத்தார். ஈரத்திலிருந்து காக்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பெட்டியை மூடி, அவரோடு தேநீர் அருந்தி அனுப்பிவைத்தேன். அன்று மாலை வரை, எனக்குரிய ஏதோ ஒன்றை நானே திருப்பி அனுப்பிவிட்டதாக வருந்தினேன். பிறகுதான் என் மனைவி கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு முழுவதும் விளங்கியது. அத்துப்பாக்கியை வாங்கவிருந்தவன் நானல்லன். புகைப்படத்தில் இருந்த பையன்.

தோட்டாவைப் பற்றி ஒரு சொல். இத்தோட்டாக்களின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழாகவே வைத்திருக்கிறார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சென்ற குண்டு, மீண்டும் அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறும். அதைத் தவிர்க்கவே இவ்வேற்பாடு. ஒரே தொழிற்சாலையில் செய்த தோட்டாக்களும் தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறும். எந்தத் தொகுதியை எந்தக் குழல் விரும்பும் என்பதை விலையைப் பார்த்துச் சொல்ல இயலாது. சுட்டுப் பார்த்தே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பிலும் அகராதி தரும் உயர்ந்த சொல் எல்லா வாக்கியத்துக்கும் பொருந்துவதில்லையன்றோ? ஆகவே துப்பாக்கிக்கென்று வைத்த பணம் முழுவதையும் துப்பாக்கிக்கே செலவிட்டுவிட்டு, தோட்டாவுக்குக் கடன் கேட்டு நிற்பது பேதைமை. பிறரைப் பார்த்து நான் கற்ற கணக்கு, பணத்தைப் பாதியாகப் பகுத்து ஒரு பாதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவது. பெட்டிக்குள் உறங்கும் உயர்ந்த துப்பாக்கியைவிட, வாரம் இருமுறை சுடப்படும் நடுத்தரத் துப்பாக்கி அதிகப் புள்ளி பெறும்.

அடுத்து, கண். நாற்பதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பதை அறிவோம். துப்பாக்கியின் முன்குறி கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் இருக்கிறது. இலக்கு 50 மீட்டரில் இருக்கிறது. இளங்கண் இரண்டையும் சமாளிக்கும். முதிர்ந்த கண்ணுக்கு இலக்கு தெளிந்தால் முன்குறி மங்கும். தூரப்பார்வைக் கண்ணாடியின் மேல் அரை டயாப்டர் கூட்டிக்கொண்டால், கண்ணின் தெளிவு இரண்டு மீட்டரில் நின்று, இரண்டும் ஓரளவு தெளிவாகத் தெரியும். குழலின் முன்னே நீட்சிக் குழாய் ஒன்றைப் பொருத்தி முன்குறியைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் உதவும். முன்குறி வளையத்தையும் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும்; கருவட்டத்தைச் சுற்றிப் போதிய வெண்மை தெரிந்தால் கண் களைப்படையாது. நான் மருத்துவரிடம் முன்குறி எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று நாடாவால் அளந்து சொல்லிக் கண்ணாடி எழுதி வாங்கினேன். அதற்கான செலவு, துப்பாக்கிச் செலவில் மிகச் சிறிய பங்கு. பயனோ எல்லாவற்றிலும் பெரிது.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு நான் வாங்கியது எது என்று கேட்பீர்கள். உல்ம் நகரத்துக் குழலும் இயந்திரமும் கொண்ட, முப்பது ஆண்டு பழைய துப்பாக்கி. போட்டியிலிருந்து விலகிய ஒருவரிடமிருந்து பெற்றது. பார்க்க அழகற்றது. முன்னவர் தம் கன்னத்துக்கேற்ப மரத்தைச் செதுக்கியிருந்தார். பின்தகட்டில் யாரோ பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். ஆனால் கன்னத்தாங்கி உயர்ந்தது, பின்தகடு இறங்கியது, தோட்டா வாயில் கைக்கு எட்டியது, விசை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்துக்கே விடுபட்டது. நான்கு தொகுதித் தோட்டாக்களைச் சோதித்தோம். அவற்றுள் விலை குறைந்த ஒன்று, பத்துத் துளைகளையும் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை 17 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. பத்தாம் வளையம் அனுமதிக்கும் எல்லை 21.6 மில்லிமீட்டர். அதாவது, இனிமேல் ஒன்பது விழுந்தால் குற்றம் துப்பாக்கியுடையதன்று, என்னுடையதே. இத்தெளிவுக்காகவே நல்ல கருவி வேண்டும் என்பது என் கருத்து. அது நம்மை வெற்றி பெறச் செய்யாது. சாக்குச் சொல்ல விடாது.

சில நண்பர்கள் கேட்டார்கள்: “ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கிவிட்ட போட்டிக்கு இவ்வளவு பாடா?” உண்மைதான். 2016ஆம் ஆண்டு ரியோவில் நடந்ததே படுத்துச் சுடும் போட்டிக்குக் கடைசி ஒலிம்பிக். அதன்பின் ஆடவரும் மகளிரும் இணைந்து சுடும் கலப்புப் போட்டிகளுக்காக அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் இத்துறையில் நம்மவர்கள் வந்த தூரத்தைப் பலர் அறியார். 2010ஆம் ஆண்டு மியூனிக் நகரில் தேஜஸ்வினி சாவந்த் மகளிருக்கான ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 1.9 புள்ளி. பதக்க மேடைக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2024ஆம் ஆண்டு பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டியில், படுத்துச் சுடுவதும் ஒரு நிலை. ஆதலின் இக்கலை மறையவில்லை. உலகச் சாம்பியன் போட்டிகளிலும் நம் தேசியப் போட்டிகளிலும் வாழ்கிறது. 1951ஆம் ஆண்டில், பின்னர் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கரைத் தலைவராகக்கொண்டு தேசிய ரைபிள் சங்கம் தொடங்கிய காலத்திலும், இதைப் பழகியவர்கள் பதக்கத்தை மட்டும் எண்ணிப் படுத்திருக்கமாட்டார்கள்.

2024ஆம் ஆண்டின் இறுதியில், டில்லியில் நடந்த ஒரு சிறு போட்டியில் மீண்டும் கலந்துகொண்டேன். காலையில் மூடுபனி இறங்கியிருந்ததால் இலக்கே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு காற்றுக்கொடிகள் மெல்ல அசையத் தொடங்கின, படுத்தேன். கண்களை மூடி, மூச்சை விட்டு, கண்களைத் திறந்தேன். குறி என் இலக்கிலேயே இருந்தது. அறுபது முறை சுட்டு முடித்தபோது கிடைத்தது 604.8. முதல் மூவரில் வரவில்லை. முதல் பதின்மரிலும் வரவில்லை. பின்னால் நின்றிருந்த மகள், நாற்பதாவது தோட்டாவுக்குமேல் நான் விசையை அவசரமாக இழுத்ததாகக் குறை சொன்னாள். குறை சரிதான்.

பல ஆண்டுகளுக்கு முன் விட்ட ஒன்றை மீண்டும் எடுக்க எண்ணும் நேயர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அது துப்பாக்கியாக இருக்க வேண்டியதில்லை. வீணையாக இருக்கலாம், தூரிகையாக இருக்கலாம், பூப்பந்து மட்டையாகவும் இருக்கலாம். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்று நெஞ்சு சொல்லும். பழைய கருவியையே கேட்கும். அல்லது விலை உயர்ந்த புதிய கருவி இழந்த ஆண்டுகளை மீட்டுத்தரும் என்று நம்பும். இரண்டும் நேரா. இன்றைய கழுத்துக்கும் இன்றைய கண்ணுக்கும் பொருந்தும் கருவியைப் படுத்துப் பார்த்தும் சுட்டுப் பார்த்தும் வாங்குங்கள். மிச்சமான பணத்தில் பழகுங்கள். அந்தப் பழைய புகைப்படத்தை நான் கிழித்துவிடவில்லை; குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில் 604.8 என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே இன்னும் இடமிருக்கிறது.